செல்ஃப் எடுக்காத வண்டி

ஆங்கிலத்தில் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்றால் இன்று பெரும்பாலும் ஒரு ஆளைக் குறிக்கும். யாரும் சொல்லாமலே தானாக வேலையில் இறங்குகிறவர். காரில் இருக்கும் அந்தப் பொருள் அவர்களுக்கு வெறும் ‘ஸ்டார்ட்டர்’ ஆகிவிட்டது. தமிழில் நேர் எதிராக நடந்தது. நாம் பின்பாதியைக் கழற்றிவிட்டு முன்பாதியை வைத்துக்கொண்டோம். செல்ஃப் எடுக்கல. செல்ஃப் அடிச்சுப் பாரு. செல்ஃப் மோட்டார் போயிருச்சு. ஒன்றைத் ‘தானாக’ என்று அழுத்திச் சொல்கிறோம் என்றால், அது தானாக நடக்காத ஒரு காலம் இருந்தது, அதை யாரோ மறக்கவில்லை என்று பொருள். நம் மெக்கானிக்குகள் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் காரின் முன்பக்கம் ஒரு இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அம்பாசடரில் அதற்கான ஓட்டையைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹாண்டில் போடுவதற்கு ஒரு முறை உண்டு. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அமுக்கக் கூடாது. தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைக்க மறந்தால், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பெட்ரோல் பற்றி, எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். ஹாண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிவது அன்றாடச் செய்தி.

இதில் ஒரு சாவும் உண்டு. கார்ட்டர்கார் என்ற வண்டியைச் செய்த பைரன் கார்ட்டர், டெட்ராய்ட்டில் வண்டி நின்றுபோய்த் தவித்த ஒரு பெண்ணுக்கு உதவப் போய், ஹாண்டில் அடித்துத் தாடை உடைந்து, பிறகு நிமோனியா கண்டு இறந்தார், அந்தத் துக்கத்தில்தான் காடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்ட் இனி என் வண்டி யாரையும் கொல்லக்கூடாது என்று சபதம் செய்தார் என்பது கார் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. எனக்கு இந்தக் கதை மேல் முழு நம்பிக்கை இல்லை. கார்ட்டர் இறந்தது 1908 ஏப்ரலில். காடிலாக்குக்கான செல்ஃப் வேலை சூடுபிடித்தது 1910 கடைசியில். சபதத்துக்கும் செயலுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருந்தால் கதை பின்னால் தைக்கப்பட்டது என்றே தோன்றுகிறது. ஆனால் இப்படி ஒரு கதை தேவைப்பட்டது, எல்லோரும் உடனே நம்பினார்கள் என்பதில், ஹாண்டில் மேல் இருந்த பயம் எவ்வளவு என்று தெரிகிறது.

செய்து காட்டியவர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலத்து டேட்டன் ஊர்க்காரர். அதற்கு முன் கடைகளில் காசு வாங்கிப் போடும் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் இருந்தார். கல்லாவைக் கையால் திருகுவதற்குப் பதில் ஒரு சின்ன மோட்டாரால் திறக்க வைத்தது அவருடைய வேலை. காருக்குச் செல்ஃப் என்று பேச்சு வந்தபோது, எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு வலுவான மோட்டார் வேண்டுமென்றால் அதுவே எஞ்சின் அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் கணக்குச் சொன்னார்கள். கணக்கு சரிதான், நாள் முழுக்க ஓடுகிற மோட்டாருக்கு. கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓடுவதில்லை. ஒரு நொடி உயிரைக் கொடுத்து இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்த ஒரு நொடிக்கு அதன் சக்திக்கு மீறிய மின்சாரத்தைக் கொடுத்தால்கூட சூடேறி எரிவதற்குள் வேலை முடிந்திருக்கும். 1911 பிப்ரவரியில் வண்டியில் மாட்டிக் காட்டினார். 1912 மாடல் காடிலாக்கில் அது எல்லா வண்டிக்கும் வந்தது. ஃபோர்டு மாடல் டி 1919 வரை காத்திருந்தது, அதுவும் கூடுதல் காசு கொடுத்தால்தான்.

இன்றைக்கும் செல்ஃப் மோட்டாரைத் தொடர்ந்து அடிக்காதே, பத்து நொடி அடித்தால் கொஞ்சம் பொறு என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கல்லாப்பெட்டிதான். அது ஓடுவதற்கென்று செய்த மோட்டார் அல்ல. வெடுக்கென்று இழுப்பதற்குச் செய்தது.

இதன் பக்க விளைவு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அப்போது சாலையில் பேட்டரி கார்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஹாண்டில் வேண்டாம், புகை இல்லை என்று பெண்களை நோக்கி விளம்பரம் செய்தார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே கணவர் செய்த காரை விட்டுவிட்டு டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்தான் ஓட்டினார். பெட்ரோல் காருக்குள் பேட்டரியும் மோட்டாரும் புகுந்த பிறகு, முழு மின்சாரக் காருக்கு இருந்த பெரிய அனுகூலம் போய்விட்டது. நூறு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

ஹாண்டில் இருந்தவரை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கைக்கே ஏதோ தெரியும். சுற்றும்போது ஒரு இடத்தில் இறுக வேண்டும். இறுகினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. லேசாக ஓடினால் வால்வு கோளாறு. சுற்றவே வரவில்லை என்றால் எஞ்சின் பிடித்துக்கொண்டது. செல்ஃப் வந்ததும் கை விலகிவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒன்று சத்தம், இல்லை அமைதி. அந்த அமைதி புதியது. உடைந்தது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் ஒழுகாது. எல்லாக் கம்பியும் அதனதன் இடத்தில் இருக்கும், வண்டி மட்டும் கிளம்பாது.

கம்பிக்குள் எங்கே கோளாறு என்று பார்க்காமலே கண்டுபிடிக்கும் கலை காரோடு பிறந்ததல்ல. அது கடலுக்கடியில் பிறந்தது. 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக்கின் தரையில் தந்திக் கம்பியைப் போட்டு முடித்தார்கள். விக்டோரியா ராணி அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. சமிக்ஞை மங்கலாக வருகிறதே என்று, வைல்ட்மேன் வைட்ஹவுஸ் என்ற மருத்துவர் ஏறத்தாழ 2000 வோல்ட்டைக் கம்பிக்குள் ஏற்றினார். ஏற்கெனவே நலிந்திருந்த கம்பி செப்டம்பரில் ஒரேயடியாக அடங்கியது. மருத்துவர்தான், ஆனால் நோயாளியை அடித்து எழுப்புகிற மருத்துவர். எதிர்ப்பக்கம் இருந்தவர் வில்லியம் தாம்சன். மின்சாரத்தைக் கூட்டாதே, மிகச் சிறிய மின்சாரத்தையும் காட்டும் கருவியைச் செய் என்றார். கரையில் உட்கார்ந்துகொண்டே கம்பியின் மின்தடையை அளந்தால், எத்தனை மைல் தூரத்தில் அறுந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அதற்கு மின்தடைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் அளவு வேண்டுமே. அதை வகுக்க 1861இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு குழு போட்டது. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த ‘ஓம்’ என்ற அலகு இப்படித்தான் நிலைபெற்றது. கோளாறு தேடுகிறவர்களின் தேவை அதன் பின்னால் இருந்தது என்று எனக்கு எந்த இயற்பியல் வாத்தியாரும் சொன்னதில்லை.

அடுத்த படியும் தந்திக்காரர்களிடமிருந்துதான் வந்தது. டொனால்ட் மக்கேடி என்ற பிரிட்டிஷ் தபால் துறை எஞ்சினியர், ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று மூன்று கருவிகளைச் சுமந்து திரிவது பிடிக்காமல் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தார். 1923இல் விற்பனைக்கு வந்த அந்த ஏவோ மீட்டரின் பேரப்பிள்ளைதான் இன்று முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மல்டிமீட்டர்.

மீட்டர் வந்துவிட்டதே, இனி என்ன? இங்கேதான் காரின் கோளாறு தன் குணத்தைக் காட்டுகிறது.

நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ஆனால் 12.6 காட்டும் பேட்டரி இருக்கும் வண்டியும் ஸ்டார்ட் ஆகாமல் இருக்கும். பேட்டரிக் கொம்பில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருக்கும் பாருங்கள், அந்த இடத்தில் ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை ஏற்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.02 ஓம். ஒன்றுமே இல்லை. மீட்டர் தனக்கென்று மின்சாரத்தை எடுப்பதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக எடுப்பதால், அதற்கு அந்தத் தடை தெரியாது. முழு 12.6 காட்டும். ஆனால் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்கும். 150ஐ 0.02ஆல் பெருக்கினால் 3 வோல்ட். அந்த மூன்றும் உப்பிலேயே கரைந்துவிடும். பாரம் ஏறும் முன் எல்லாம் சரி, பாரம் ஏறியதும் எல்லாம் தப்பு. கேட்காதவரை இல்லாத கோளாறு இது.

ஆகவே கேட்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரிக் கொம்பிலும், இன்னொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை, மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். இரண்டு வோல்ட் காட்டினால் கோளாறு அங்கேதான். கேபிளின் இரு முனை, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை என்று இதையே ஒவ்வொரு இணைப்பிலும் செய்துகொண்டே போகலாம். அட்லாண்டிக்கில் செய்ததும் ஒரு விதத்தில் இதேதான்.

ஆனால் நம் ஊரில் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் மீட்டரே இல்லாமல் செய்தார்கள். திருச்சியில் நான் வேலை பார்த்த நாட்களில் பாலக்கரைப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை உண்டு. கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு மர பெஞ்சு, சுவரில் கண்ணுக்கெட்டிய இடமெல்லாம் தொங்கும் வயர்க் கொத்து. அலுவலகம் விட்டதும் டீக்கு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அவருடைய கருவி ஒரு டெஸ்ட் லேம்ப். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இரண்டு வயர், ஒரு முனையில் ஊசி. பெஞ்சுக்கடியில் நல்ல மீட்டர் ஒன்று தூசி படிந்து கிடக்கும்.

“மீட்டர் இருக்கேண்ணே, அதை வச்சுப் பார்க்க மாட்டீங்களா?”

“மீட்டரு கரண்ட் இருக்கான்னு சொல்லும் தம்பி. அது வேலை பார்க்குமான்னு சொல்லாது. பல்பு வேலை பார்த்தே காட்டிரும்.”

அவர் சொன்னது கறாரான இயற்பியல். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியரை இழுக்கும். ஒரு வயருக்குள் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலோ, சாவி சுவிட்சுக்குள் கான்டாக்ட் கருகியிருந்தாலோ மீட்டர் அதைத் தாண்டிப் போய் 12 காட்டிவிடும். பல்பு மங்கும். மங்கலின் அளவை வைத்தே எவ்வளவு கோளாறு என்று அவர் சொல்வார்.

அவருடைய இன்னொரு வழக்கம், வந்த வண்டியைத் தொடும் முன் ஹெட்லைட்டைப் போடச் சொல்வது. பிறகு செல்ஃப் அடிக்கச் சொல்வார். அவர் எஞ்சினைப் பார்க்க மாட்டார், எதிர்ச் சுவரில் விழும் வெளிச்சத்தைத்தான் பார்ப்பார். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி காலி, இல்லை கொம்பில் பிடிமானம் இல்லை. கொஞ்சம்கூட அசையாமல் எரிந்தால், மின்சாரம் செல்ஃபுக்குப் போகவே இல்லை, வழியில் சாவி, ரிலே, சோலனாய்டு எங்கேயோ நின்றுவிட்டது. மங்கி முனகினால் மின்சாரம் போகிறது, மோட்டார் திணறுகிறது. மூன்று நொடியில் வண்டியின் முக்கால்வாசியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று. அப்புறம் காது. ‘டிக் டிக் டிக்’ என்று விடாமல் அடித்தால் சோலனாய்டை இழுத்துப் பிடிக்கக்கூட பேட்டரியில் தெம்பில்லை. ‘டொக்’ என்று ஒரே சத்தத்தோடு நின்றால் சோலனாய்டு வேலை செய்துவிட்டது, மோட்டார்தான் அசையவில்லை. அப்போது ஸ்பானரால் செல்ஃப் மோட்டாரின் தலையில் லேசாக ஒரு தட்டு. தேய்ந்த கார்பன் பிரஷ் இடம் மாறி உட்கார்ந்து வண்டி கிளம்பிவிடும். பார்க்கிறவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். “இது வைத்தியம் இல்ல, வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்கு வழி”, என்பார் அவர். மோட்டார் விர்ரென்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் ‘பெண்டிக்ஸ் போச்சு’. பெண்டிக்ஸ் என்பது வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கரின் பெயர் என்று அவருக்குத் தெரியாது. சொன்னபோது பெரிதாக ஆர்வம் காட்டவுமில்லை.

அம்பாசடர் காலத்துக் கதைகள்தான் அவரிடம் அதிகம். அந்த வண்டியின் மூலம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாமான்கள் செய்தது பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனி. அதன் நிறுவனர் ஜோசப் லூகாஸை ‘இருளின் இளவரசன்’ என்று அந்த ஊர்க்காரர்களே கிண்டல் செய்வார்கள், அவ்வளவு முறை விளக்கு அணையும் என்று. அதே லூகாஸ், டிவிஎஸ்ஸோடு சேர்ந்து 1961இல் சென்னை பாடியில் கம்பெனி தொடங்கியது. இந்தியாவின் கணிசமான செல்ஃப் மோட்டார்களும் டைனமோக்களும் டிஸ்ட்ரிபியூட்டர்களும் அங்கிருந்து போயின. ‘செல்ஃப்’ என்ற சொல் தமிழ்நாட்டு வொர்க்‌ஷாப்புகளில் இவ்வளவு ஊன்றிப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லை என்றால் விசாரணை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். பாயிண்ட், கண்டென்சர், காயில். இந்த ஏற்பாடும் கெட்டரிங் கொண்டுவந்ததுதான், 1910 காடிலாக்கில். அறுபது வருடம் உலகம் முழுக்க இதே. பாயிண்ட் கருகினால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. மழைக்காலத்தில் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும், காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பொறி வருகிறதா என்று பார்க்க பிளக் வயரைக் கழற்றி எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். நீலமாகச் சடசடத்தால் நல்லது, மஞ்சளாக மெலிந்தால் கோளாறு. எல்லாமே கண்ணுக்கு, காதுக்கு, சில நேரம் தப்பிப்போய் கைக்குத் தெரியும்.

1970களில் பாயிண்ட் இருந்த இடத்துக்கு டிரான்சிஸ்டர் வந்தது. 1986இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, காரின் பல்வேறு கணினிகள் இரண்டே வயர்களில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ‘கேன்’ என்ற முறையை ஜெர்மனியின் பாஷ் அறிவித்தது. இன்னொன்று, அமெரிக்காவின் கார்வெட் காரின் சாவியில் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தார்கள். பதினைந்து அளவுகளில் ஏதாவது ஒன்று. சாவியைப் போட்டதும் கார் அதன் ஓமை அளக்கும். சரியான ஓம் இல்லையென்றால் செல்ஃப் எடுக்காது. கோளாறைக் கண்டுபிடிக்க நிலைப்படுத்திய அளவு, இப்போது கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கப் பயன்பட்டது.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஜெர்மனியில் கார் திருட்டு எகிறியது. காப்பீட்டுக் கம்பெனிகள் நெருக்க, 1995இல் புது வண்டிகளுக்கு இம்மொபிலைசர் வந்தது. 1998 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். சாவிக்குள் பேட்டரி இல்லாத ஒரு சில்லு, சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில். காயில் கேட்கும், சில்லு பதில் சொல்லும். பதில் பிடிக்கவில்லை என்றால் எஞ்சின் கணினி பெட்ரோலைத் திறந்துவிடாது. திருடனுக்கு எதிரான நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் இதற்கு முன் வண்டி கிளம்பாததற்கு ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்க வேண்டும். இப்போது எதுவும் கெடாமலேயே கிளம்பாமல் இருக்கலாம். பேட்டரி நன்று, செல்ஃப் நன்று, பொறி நன்று. அனுமதி இல்லை. அனுமதி இருக்கிறதா என்று எந்த டெஸ்ட் லேம்பும் எரிந்து காட்டாது.

அனுமதி யார் கையில் என்பது பணக் கேள்வி. கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் பொதுவான சாக்கெட் அமெரிக்காவில் 1996இலும் இந்தியாவில் 2010க்குப் பிறகு படிப்படியாகவும் கட்டாயமானது. ஆனால் அந்தச் சாக்கெட் வழியாகச் சாவியைப் புதிதாகப் பதிவுசெய்வது, ஒரு கணினியை மாற்றி மற்றதுக்கு அறிமுகம் செய்துவைப்பது எல்லாம் கம்பெனியின் சொந்த மென்பொருளுக்குத்தான் கட்டுப்படும். மாசசூசெட்ஸ் மக்கள் 2012இல் ஓட்டுப் போட்டு, கம்பெனி டீலருக்குக் கொடுக்கும் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கொடு என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவு வந்தபோது அதைப் பற்றி நம் இலக்கியச் சூழலில் யாரும் ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. சாலையோர ஆட்டோ எலக்ட்ரீசியன் எத்தனையோ கதைகளில் பீடி குடித்திருக்கிறார். அவருடைய அறிவு சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு நடந்தது மட்டும் நமக்குத் தெரியவில்லை.

பாலக்கரைக்காரரும் ஒரு ஸ்கேனர் வாங்கினார். போன வருடம் போயிருந்தபோது ஒரு வண்டி வந்தது. மகன் ஸ்கேனரைச் செருகினான். திரையில் பதினொரு குறியீடு. பிரேக் கணினி பேசவில்லை, ஸ்டீயரிங் கணினி பேசவில்லை, ஏர்பேக் பேசவில்லை. பையன் மிரண்டுவிட்டான். அவர் எழுந்து வந்து ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, சுவரைப் பார்த்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தார். எர்த் பட்டை துருப்பிடித்திருந்தது. செல்ஃப் இழுக்கும்போது மின்னழுத்தம் விழ, கணினிகள் ஒவ்வொன்றாக மயங்கி, ஒன்றைப் பற்றி இன்னொன்று புகார் எழுதிவைத்திருந்தன. தேய்த்து முறுக்கினார். நூறு ரூபாய்.

அன்று சாயங்காலமே இன்னொரு வண்டி. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சாவி தண்ணீரில் விழுந்து சில்லு போய்விட்டது. என்ன கோளாறு என்று பார்த்ததுமே சொன்னார். சொந்தக்காரர் விடவில்லை.

“நீங்களே பார்த்துருங்கண்ணே. அங்க போனா தீட்டிருவாங்க.”

“எனக்குத் தெரியுது சார். அது என்னையக் கேக்காது.”

இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை சொந்தக்காரர் மனசு கேட்காமல் நாலைந்து முறை சாவியைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் செல்ஃப் கணீரென்று எடுத்தது. பேட்டரி புத்தம் புதுசு.